மானுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நான்கு குழாய்கள்

டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகருக்கு மேற்கே குன்றுகளாக விரியும் நாட்டுப்புறத்தில், நவம்பர் மாலைகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் சாலையைப் பார்ப்பதைவிட ஓரத்துப் புதர்களைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அது வெள்ளைவால் மான்கள் இணைசேரும் பருவம். பெண் மானைத் துரத்திவரும் ஆண் மானுக்கு மேய்ச்சல் நிலமும் நெடுஞ்சாலையும் ஒன்றுதான். அந்தப் பக்கத்தில் லானோ என்ற சிற்றூர் தன்னை 'டெக்சாஸின் மான் தலைநகரம்' என்று அழைத்துக்கொள்கிறது. வேட்டைக்காரர்களுக்கு அது அழைப்பு, வாகனக் காப்பீட்டுக்காரர்களுக்கு எச்சரிக்கை. அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மோதல்கள் மான்களால் நேர்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில் ஐம்பது வயதான ஒரு பிக்கப் வண்டியை ஓட்டுகிறவருக்குக் கவலை, தகரம் நசுங்குவதைப் பற்றியது அன்று. கிரிலுக்குப் பின்னால் கையகல தூரத்தில் ரேடியேட்டர் இருக்கிறது. பழைய ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும் கலந்தவை. அவற்றின் குழாய்ச் சுவர் மெல்லியது. அதற்கும் பின்னால், என்ஜினோடு சேர்ந்து சுழலும் விசிறி. மான் மோதிக் கிரில் உள்ளே போனால், கிரில் ரேடியேட்டரைத் தள்ளும், ரேடியேட்டர் விசிறியில் போய் உரசும், சில நொடிகளில் தண்ணீர் முழுக்கச் சாலையில் இருக்கும். அடுத்த ஊர் நாற்பது மைல் தள்ளி. முன்பக்கத்தில் நான்கு இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து மாட்டிக்கொள்ளும் பழக்கம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. கடையில் வாங்கலாம், அதே டெக்சாஸின் ஷைனர் என்ற ஊரில் இதையே தொழிலாகச் செய்யும் ஆலை இருக்கிறது. ஆனால் அங்கே வருவதெல்லாம் புது வண்டிகளுக்கான அளவுகள். பழைய வண்டிக்காரர் தன் கொட்டகையில் தானே செய்துகொள்வதுதான் நடப்பு.

எடுத்துக்காட்டாக 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலெட் சி-10 பிக்கப்பை வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பழைய வண்டிப் பிரியர்களிடையே அதற்கு இன்றும் கிராக்கி குறையவில்லை. அடியில் ஏணி போன்ற சேசிஸ். அதன் மேல் ரப்பர் மெத்தைகள் வைத்து உடற்பகுதியைப் போல்ட் போட்டிருப்பார்கள். முன்பக்கத்துக்கு என்று கிடைப்பது அழகான ஒரு பம்பர் மட்டுமே. 1973இல் அமெரிக்க அரசு மெதுவான மோதல்களைத் தாங்கும் பம்பரைக் கட்டாயமாக்கியபோது அந்த விதி கார்களுக்கு மட்டும்தான் பொருந்தியது. பிக்கப்புக்கு அத்தகைய விதி பின்னாலும் வரவில்லை. எனவே அந்தப் பம்பர் பெரும்பாலும் அலங்காரம். உயரமும் போதாது: நின்ற நிலையில் மானின் கால்களில் படும், உடலில் படாது.

இங்கேதான் விஷயத்தின் முதல் முடிச்சு. பம்பர் கால்களை முன்னோக்கித் தட்டிவிட்டால், உடல் அப்படியே பின்னோக்கிச் சாய்ந்து பானெட்டின் மேல் ஏறும். எந்தப் பொருளையும் அதன் நிறை மையத்துக்குக் கீழே இடித்தால் அது சுழலும். நிறை மையத்தில் இடித்தால் நேராகத் தள்ளப்படும். வளர்ந்த வெள்ளைவால் மானின் நிறை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 70 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஆகவே தடுப்பு பானெட்டின் விளிம்பு வரை உயர்ந்தே ஆகவேண்டும். பம்பருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் குழாய் வளைவு ஒன்றை மாட்டிக்கொண்டு 'மான் தடுப்பு' என்று திரிகிறவர்கள், உண்மையில் மானைக் கண்ணாடிக்கு ஏற்றிவிடும் ஏணியைத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

முன்னால் ஒரு தடுப்பு வைத்து விலங்கைச் சமாளிக்கும் யோசனை மோட்டார் வண்டிகளைவிட மூத்தது. இங்கிலாந்தில் 1831இல் செய்யப்பட்டு நியூஜெர்சிக்குக் கப்பலில் வந்த 'ஜான் புல்' ரயில் என்ஜினுக்கு ஐசக் டிரிப்ஸ் என்ற இளம் மெக்கானிக் முன்பக்கத்தில் ஒரு தடுப்பைக் கட்டிச் சேர்த்தார். அந்த என்ஜின் இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணினியின் முன்னோடி என்று நாம் அறியும் சார்லஸ் பாபேஜும் இங்கிலாந்து ரயில்களுக்கு இதே போன்ற ஒன்றைப் பரிந்துரைத்ததாகத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பின்னாளில் அமெரிக்க ரயில்களின் முகத்தில் நிலைத்த வடிவம் ஆப்பு: மாட்டைப் பக்கவாட்டில் ஒதுக்கித் தள்ளுவது. ஒதுக்கித் தள்ளினால், முழு வேகத்தையும் மாட்டுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. என்ஜினுக்கும் அடி குறைவு.

பிக்கப்பின் தடுப்பு அப்படிப்பட்டதன்று. அது செங்குத்தான ஒரு சுவர். வழியில் நிற்கும் மானை ஒரு கண்ணிமைப்பில் வண்டியின் வேகத்துக்கே கொண்டுபோய்விடும். அதற்கு எவ்வளவு விசை வேண்டும்?

வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 1,800 கிலோ, மான் 60 கிலோ, வேகம் மணிக்கு 90 கி.மீ., அதாவது நொடிக்கு 25 மீட்டர். மோதிய பிறகு இரண்டும் சேர்ந்து நகர்வதாகக் கொண்டால் வண்டியின் வேகம் 87 கி.மீ. ஆகக் குறையும். ஓட்டுநருக்கு அது பெரிய குலுக்கல் இல்லை. வண்டியின் மொத்த இயக்க ஆற்றல் 5,60,000 ஜூலுக்கு மேல்; அதில் இந்த மோதலில் நசுங்கலாகவும் வெப்பமாகவும் செலவாவது 18,000 ஜூல் அளவே. மானின் உடல் மென்மையானது என்பதால் அதில் பெரும்பகுதியை மானே வாங்கிக்கொள்கிறது. மோதல் நூற்றில் ஐந்து பங்கு நொடி நீடித்தால் சராசரி விசை 29,000 நியூட்டன்: ஏறத்தாழ 3 டன் எடை. நேரம் இன்னும் குறைந்தால் விசை இன்னும் கூடும். வீட்டில் செய்யும் தடுப்பு தாங்கவேண்டிய எண் இந்த 3 டன்தான்.

இப்போது குழாய்க்கு வருவோம். ஏன் குழாய், ஏன் கெட்டிக் கம்பி இல்லை என்ற கேள்விக்கு விடை எளிய கணக்கில் இருக்கிறது. கொட்டகைகளில் அதிகம் புழங்கும் 2 அங்குல 'ஷெட்யூல் 40' பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ., சுவர் 3.9 மி.மீ., எடை மீட்டருக்கு 5.4 கிலோ. அதே எடை இரும்பைக் கெட்டிக் கம்பியாக உருட்டினால் விட்டம் 30 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். இரண்டையும் வளைத்துப் பார்த்தால் குழாயின் விறைப்பு 7 மடங்கு, வளையாமல் தாங்கும் சுமை மூன்றரை மடங்கு. வளையும் பொருளின் நடுப்பகுதி சோம்பேறி. வேலையெல்லாம் வெளி விளிம்பில் நடக்கிறது. குழாய் என்பது சோம்பேறிப் பகுதியை வெளியே அனுப்பிவிட்ட கம்பி.

டெக்சாஸில் இந்தக் குழாய்க்கு இரும்புக் கடையைக்கூடத் தேட வேண்டாம். நூறாண்டுகளாக எண்ணெய்க் கிணறு தோண்டும் மாநிலம் அது. கிணறுகளிலிருந்து கழித்துக்கட்டிய குழாய்களும், எண்ணெயை மேலே இழுக்கும் பம்புகளின் நீண்ட இரும்புக் கம்பிகளும் பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கும். பண்ணை வேலிகள், கேட்டுகள், மாட்டுத் தொழுவங்கள் எல்லாம் அவற்றால்தான் நிற்கின்றன. கிணற்றுக் குழாயிலும் அதே 60.3 மி.மீ. அளவு உண்டு, சுவர் இன்னும் தடிப்பு, இரும்பும் வலுவானது. சாதாரணப் பைப்பு 240 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்றால், ஜே-55 வகைக் கிணற்றுக் குழாய் 380 வரை தாங்கும்.

ஆனால் மலிவுக்கு விலை உண்டு. ஆழத்திலிருந்து உப்புநீரோடு வரும் ரேடியம், குழாயின் உட்சுவரில் வெள்ளைப் படிவமாக ஒட்டிக்கொள்வதுண்டு. அதைக் கிரைண்டரில் தேய்த்துத் தூசியாக்கிச் சுவாசிப்பது யாருக்கும் நல்லதன்று; உள்ளே படிவம் தெரியும் குழாயை அப்படியே விட்டுவிட்டு வேறு எடுப்பதே புத்தி. இன்னொன்று, வலுவான இரும்பில் கார்பன் கூடுதல். வெல்டிங் செய்த இடம் சட்டென்று ஆறினால் அந்த விளிம்பு கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை பெறும். பம்புக் கம்பிகளில் இது குறிப்பாக நடக்கும். முன்கூட்டியே சூடாக்கி, ஈரமில்லாத 7018 வகை ராடைப் பயன்படுத்தி, மெதுவாக ஆறவிட வேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் சாதாரணப் பைப்பையே வாங்கட்டும். கணக்கைப் பார்த்தால் அது போதும்.

போதுமா? தடுப்பின் இரண்டு செங்குத்துத் தூண்களுக்கு நடுவே 75 செ.மீ. இடைவெளி என்று வைப்போம். 3 டன் விசை முழுவதும் ஒரே குழாயின் நட்டநடுவில் விழுந்து, அதன் முனைகள் தளர்வாகவும் இருந்தால் உள்ளே எழும் தகைவு 600 மெகாபாஸ்கலைத் தாண்டும். குழாய் மடங்கிவிடும். அதே விசை குழாயின் நீளம் முழுக்கப் பரவி, முனைகள் விறைப்பாக வெல்டிங் ஆகியிருந்தால் 200தான். குழாய் நிமிர்ந்து நிற்கும். மானின் உடல் அகலமானது, அது ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குழாய்களில் படும். எனவே நிஜம் இந்த இரண்டுக்கும் நடுவே, நல்ல பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. சுவரை இன்னும் தடிப்பாக்குவதால் வருவதைவிட, தூண்களை நெருக்கிவைத்து மூட்டுகளை ஒழுங்காகப் பற்றவைப்பதால் வரும் பலன் அதிகம்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலான கைவினைஞர்கள் கோட்டைவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற பகுதி என்பதால் குழாயில் கஞ்சத்தனம் காட்டமாட்டார்கள். தவறு நடப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: தூண் சேசிஸைச் சந்திக்கும் தகட்டில்.

தடுப்பு ஒரு நெம்புகோல். விசை மேலே விழுகிறது, பிடி கீழே இருக்கிறது. துள்ளிக் குதித்த மான் தடுப்பின் மேல் பகுதியில், சேசிஸ் சட்டத்துக்கு அரை மீட்டர் மேலே மோதியதாகக் கொள்வோம். 3 டன் விசை அரை மீட்டர் நெம்புகோலில் ஒன்றரை டன்-மீட்டர் திருப்பு விசையாகிறது. இடம் வலம் என்று பங்கிட்டால் பக்கத்துக்கு முக்கால் டன்-மீட்டர். ஒரு பக்கத்தில் தகட்டைப் பிடிப்பவை பத்து செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு போல்ட்கள் என்றால், ஒவ்வொன்றின் மேலும் ஏழரை டன் விழும். தலையில் ஆறு கோடுகள் போட்ட 'கிரேடு 8' அரை அங்குல போல்ட், நேராக இழுத்தால் ஒன்பதரை டன் தாங்கும் முரடன்தான். ஆனால் இங்கே அதைக் குறுக்கே வெட்டும் விசை. அதில் அதன் தாக்குப்பிடிப்பு ஐந்தரை டன் அளவே. போல்ட் துண்டாகும்.

அதே இரண்டு போல்ட்களைச் சட்டத்தின் நீளவாட்டில் 30 செ.மீ. தள்ளிப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை டன்தான். நேரடித் தள்ளலின் பங்கைச் சேர்த்தாலும் நிம்மதியான எல்லை. ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. தகடு மட்டும் ஒரு சாண் நீளம் கூடுகிறது.

தகட்டின் அகலத்துக்கும் இதே கதை. 10 மி.மீ. தடிப்பு என்று கேட்டால் எதையும் தாங்கும் போலத் தோன்றும். தூணின் அடியில் அந்தத் தகடு 10 செ.மீ. அகலமே இருந்தால் மேற்சொன்ன முக்கால் டன்-மீட்டரில் 450 மெகாபாஸ்கல் தகைவு எழும். சாதாரண இரும்பு 250இல் பணிந்துவிடும். அகலத்தை 15 செ.மீ. ஆக்கினால் 200க்கு இறங்கிவிடுகிறது. வளைவுக்கு எதிரான வலு அகலத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், ஐந்து செ.மீ. செய்யும் வேலை இது. தூணின் பின்பக்கத்திலிருந்து சட்டத்துக்குச் சாய்வாக ஒரு தாங்குகம்பி கொடுத்தால் இன்னும் நல்லது.

இந்தக் கணக்கைப் போடாதவர் வண்டியில் நடப்பதை டெக்சாஸ் பழுதுக்கடைகளில் பார்க்கலாம். குழாய்களில் கீறல்கூட இருக்காது. ஆனால் தடுப்பு முழுதாகப் பின்னால் சாய்ந்து பானெட்டையும் இரண்டு பக்க மட்கார்டுகளையும் மடக்கி, ரேடியேட்டரில் குத்திக்கொண்டு நிற்கும். தடுப்பே இல்லாதிருந்தால் மான் செய்திருக்கும் சேதத்தை இரும்பு செய்திருக்கும்.

சேசிஸில் புதிதாகத் துளையிடுவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. சட்டத்தின் குறுக்குவெட்டு 'சி' வடிவம். அதன் மேல் கீழ் மடிப்புகள்தான் சுமையைத் தாங்கும் இடங்கள். அங்கே துளையிட்டால் நாளடைவில் அந்தத் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். பக்கச் சுவரில் துளையிடலாம். பம்பருக்கு ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துவது எல்லாவற்றிலும் மேல். நேரடியாகச் சேசிஸில் வெல்டிங் செய்வது சுலபமான வழி, எனவே அதிகம் செய்யப்படும் தவறும்கூட. சூடுபட்ட கோட்டின் ஓரம் சோர்வு விரிசலுக்கு வாசல். தவிர, வெல்டிங் செய்த தடுப்பை ரேடியேட்டர் கழற்றவேண்டிய நாளில் எப்படிக் கழற்றுவது?

வேலை தொடங்குவது இரும்பில் அன்று, அட்டைப் பெட்டியில். பழைய அட்டையை வெட்டித் தகடுகளின் வடிவத்தைச் சேசிஸில் ஒட்டிப்பார்த்து, பானெட் திறக்கிறதா, அதன் கொக்கிக்குக் கை போகிறதா, ஏழு அங்குல வட்ட விளக்குகளின் ஒளிக்குக் குழாய் குறுக்கே வருகிறதா, திரும்பும் சைகை விளக்கு மறைகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். கிரிலுக்கும் தடுப்புக்கும் நடுவே குறைந்தது ஐந்து செ.மீ. இடைவெளி வேண்டும். உடற்பகுதி ரப்பர் மெத்தையில் ஆடுகிறது, தடுப்போ சேசிஸோடு ஆடுகிறது. இரண்டும் வேறு வேறு தாளத்தில் குலுங்குவதால், நிற்கும்போது தொடாதது மேடுபள்ளத்தில் தொடும்.

குழாயோடு குழாய் சேரும் இடத்தில் ஒரு குழாயின் முனையை மீன் வாய் போலக் குடைந்து வெட்டவேண்டும். அந்தக் கோட்டைக் கண்ணால் போடமுடியாது. ஒரே விட்டமுள்ள இரண்டு உருளைகள் செங்குத்தாகச் சந்திக்கும் கோட்டைக் காகிதத்தில் விரித்தால், பள்ளிக்கூடத்தில் வரைந்த கொசைன் அலைதான் வரும். கோட்டுக்குக் கீழே இறங்கும் பகுதிகளையெல்லாம் மேலே மடித்துவிட்ட கொசைன். அந்த அலையைக் காகிதத்தில் வரைந்து குழாயைச் சுற்றி ஒட்டி, கோட்டின் மேலேயே கிரைண்டரை ஓட்டினால் இரண்டு குழாய்களும் இடைவெளியில்லாமல் பொருந்தும். கொசைனைப் பெயர் சொல்லி அறியாத வெல்டர்கள்கூட இந்தக் காகித அச்சை ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள். குழாயை வளைப்பதற்கு எந்திரம் இல்லாதவர்கள் 45 டிகிரியில் வெட்டி மூலை சேர்ப்பது வழக்கம். சாதாரணக் குழாயை எந்திரமில்லாமல் வளைத்தால் நசுங்கும், நசுங்கிய இடம் வலுவிழந்த இடம்.

முதலில் எல்லா மூட்டுகளிலும் புள்ளி புள்ளியாக டேக் வைத்து, வண்டியிலேயே பொருத்திப் பார்த்து, பிறகுதான் முழு வெல்டிங். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடவேண்டும். இல்லையேல் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் காலி. இரும்பு ஒரு மீட்டருக்கு நூறு டிகிரி சூட்டில் 1.2 மி.மீ. நீளும், ஆறும்போது அவ்வளவும் சுருங்கும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து பற்றவைத்தால் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு தடுப்பு கோணிவிடும். எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றிச் செய்வதற்கு இதுதான் காரணம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைத் தொடவே வேண்டாம். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். இரும்பு உருக அதைவிட 600 டிகிரி கூடுதலாக வேண்டும். எனவே பூச்சு முழுக்கப் புகையாகி வெல்டரின் நெஞ்சுக்குள் போய், அன்றிரவே குளிர்காய்ச்சலாக எழும்.

நடுவே என்ன வைப்பது என்பதில் ரசனையும் காற்றும் மோதிக்கொள்ளும். சுமார் 45 செ.மீ. உயரக் கிரிலின் முன்னே 60 மி.மீ. குழாய் நான்கை அடுக்கினால் பாதிக் காற்று மறைந்துபோகும்; கோடையில் டெக்சாஸ் வெயிலில் ஏ.சி. போட்டு ஓடும் வி-8 என்ஜின் அதை மன்னிக்காது. வெளிச்சட்டத்துக்கு மட்டும் பெரிய குழாய். உள்ளே 22 மி.மீ. பம்புக் கம்பிகள் 12 செ.மீ. இடைவெளியில். மறைப்பு 18 சதவீதமாகக் குறையும், அதுவும் இடைவெளியில் காற்று மறுபடி பரவிக்கொள்ளும். 1967ஆம் ஆண்டு சி-10இன் முகத்தை முழுக்க மறைக்கும் கம்பிவலைகளும் சந்தையில் உண்டு. அவ்வளவு அழகான கிரிலை வாங்கி வைத்துக்கொண்டு அதைச் சிறைக்கம்பிக்குப் பின்னால் தள்ளுவது ஏன் என்று புரியவில்லை.

எடையிலும் நெம்புகோல் வரும். இந்த வண்டியின் குட்டைப்பெட்டி வகையில் முன் பின் அச்சுகளுக்கு நடுவே 2.92 மீட்டர். 50 கிலோ தடுப்பு முன்னச்சுக்கு 90 செ.மீ. முன்னால் தொங்கினால், முன்சக்கரங்களில் ஏறுவது 50 கிலோ அன்று, 65 கிலோ. அந்தக் கூடுதல் 15 கிலோவைப் பின்சக்கரங்கள் இழக்கின்றன. காலிப் பெட்டியோடு ஓடும் பிக்கப்புக்கு ஏற்கெனவே பின்பக்கம் லேசு. மழைநாளில் வழுக்கும் பின்சக்கரத்துக்கு இது இன்னும் ஆகாது. நூறு கிலோவுக்குத் தடுப்பு செய்தால் முன் சுருள்வில்லையும் மாற்றவேண்டியிருக்கும்.

இந்தத் தடுப்பு எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதில் ஒரு கோடு போடலாம். மான், முள்மரக் கிளை, தெற்கு டெக்சாஸின் வேலிகாத்தான் காடு, நகராத மாட்டை மெல்லத் தள்ளுவது, நின்ற இடத்தில் நேரும் சிறு இடிகள்: இவற்றுக்கு ஆகும். மரத்தில் மோதினால் ஆகாது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓக் மரத்தில் மோதும் வண்டி 1,70,000 ஜூலுக்கு மேல் கொண்டுவரும். மானோடு ஒப்பிட்டால் ஒன்பது மடங்குக்கும் கூடுதல், அதோடு மரம் எதையும் வாங்கிக்கொள்ளாது. 1950களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரென்யி காப்புரிமை வாங்கிய கருத்து இங்கே நினைவுக்கு வரும்: வண்டியின் முன்பகுதி மெல்ல நசுங்கினால் உள்ளே இருப்பவர் பிழைப்பார். விறைப்பான தடுப்பு நேராகச் சேசிஸில் விசையைக் கொண்டுபோய் அந்த நசுங்கலைத் தடுக்கிறது. பழைய பிக்கப்பில் திட்டமிட்ட நசுங்கும் பகுதி இல்லை, காற்றுப்பை இல்லை, பல வண்டிகளில் இடுப்பு வார் மட்டுமே. இழக்க அதிகம் இல்லை என்றாலும், தடுப்பு உள்ளே இருப்பவரைக் காக்கிறது என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. அது காப்பது ரேடியேட்டரை.

வெளியே நடப்பவருக்கு இது தெளிவான ஆபத்து. தகட்டுப் பானெட் ஓரளவு குழியும், 60 மி.மீ. குழாய் குழியாது, விசையையும் ஒரு கோட்டில் குவிக்கும். குழந்தையின் தலை உயரத்தில் அந்தக் கோடு இருக்கிறது. கங்காரு நாடான ஆஸ்திரேலியா 2002இல் இத்தகைய தடுப்புகளின் வடிவத்துக்கு நடப்பவர் பாதுகாப்பைக் கருதித் தர நிர்ணயம் கொண்டுவந்தது. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் செயற்கைக் கால், தலை மாதிரிகளை மோதவிட்டுச் சோதிக்கும் நெறிமுறையைக் கொண்டுவந்தபின் அங்கே கெட்டி இரும்புத் தடுப்புகள் ஏறக்குறைய ஒழிந்தன. இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றை அகற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே சென்னையிலோ மதுரையிலோ இதைப் படித்துவிட்டு வெல்டிங் பட்டறைக்குக் கிளம்புகிறவர் சட்டத்தோடு மோதவேண்டியிருக்கும். டெக்சாஸின் பண்ணைச் சாலையில், மைலுக்கு ஒரு மனிதர்கூட நடக்காத இடத்தில், நியாயம் வேறாக இருப்பதை மறுக்கமுடியாது. அதே வண்டி சனிக்கிழமை ஆஸ்டின் நகரத் தெருவுக்குள் வரும்போது அந்த நியாயம் குறைகிறது. கழற்றி வைத்துவிட்டு வரலாம் என்பதால், போல்ட் போட்ட தடுப்புக்கு இது இன்னொரு ஆதரவு.

கடைசி வேலை துருவோடு. குழாயின் முனைகளை மூடாமல் விட்டால் மழைநீர் உள்ளே புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே ஓட்டை. வண்ணம் பூசுவதானால் எல்லா முனைகளையும் வெல்டிங் செய்து முழுக்க அடைக்கவேண்டும். உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கக் கொடுப்பதானால் நேர்மாறு: ஒவ்வொரு குழாயிலும் காற்றோட்டத் துளை கட்டாயம். 450 டிகிரித் தொட்டியில் அடைபட்ட குழாய் இறங்கினால், உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடிக்கும்.

இத்தனை கணக்கும் போட்டவர் ஒருவர் கடைசியில் எதை வலுவாக்குவது, எதை வேண்டுமென்றே மெலிதாக விடுவது என்று முடிவுசெய்யவேண்டும். போல்ட்களை வலுவாகவும், தகட்டை மான் அடிக்குத் தாங்கும் அளவோடு நிறுத்தியும் வைத்தால், அதைவிடப் பெரிய அடி விழும் நாளில் முதலில் மடங்குவது தகடு. அதன் விலை கொஞ்ச இரும்பும் ஒரு மாலை வேலையும். தகட்டை 25 மி.மீ. ஆக்கி, போல்ட்களை இரட்டித்து, 'அசைக்கமுடியாது' என்று பெருமைப்பட்டவர் வண்டியில் அடுத்து மடங்கவேண்டியது சேசிஸின் முன்முனை. அதை நிமிர்த்த இழுவைச் சங்கிலிகள் கொண்ட சேசிஸ் மேடை வேண்டும். ஐம்பது ஆண்டுப் பழைய சட்டத்தை அதில் ஏற்றினால், நிமிர்த்தும்போதே துருப்பிடித்த ரிவெட்கள் ஒன்றிரண்டு தெறிப்பதும் உண்டு.